இறால் படம் போட்ட ஜெர்சி

2025 மார்ச் 16, ஞாயிற்றுக்கிழமை. நோன்பு பதினைந்து. தராவீஹ் என்கிற நோன்பு கால இரவுத் தொழுகையை முடித்துவிட்டு லாத்தா, அதாவது அக்கா, வீட்டு மாடிக்கு ஏறினேன். அவள் மகன், என் மருமகன், மொபைலை டிவியோடு கோத்துவிட்டு, ஒயரை யாரும் அசைக்கக் கூடாது என்று மிரட்டிக்கொண்டிருந்தான். நம் நேரம் இரவு பத்து மணிக்கு ஆட்டம். வெம்ப்ளியில் நியூகாசிலும் லிவர்பூலும் மோதும் கரபாவ் கோப்பை என்கிற இங்கிலாந்துக் கால்பந்துக் கோப்பையின் இறுதி.

முதல் பாதி முடியப்போகிற நேரத்தில் கார்னரிலிருந்து வந்த பந்தை டான் பர்ன் தலையால் முட்டி உள்ளே தள்ளினார். பனைமரம் மாதிரி ஆள். நியூகாசிலுக்குப் பக்கத்தில் பிளைத் என்கிற ஊர்க்காரர். சின்ன வயதில் இதே கிளப் வேண்டாம் என்று அனுப்பிவிட்ட பையன். இடைவேளைக்குப் பிறகு இசாக் ஒரு கோல். கடைசி நிமிடங்களில் லிவர்பூல் ஒன்றைத் திருப்பிக் கொடுத்து எங்கள் வயிற்றைக் கலக்கியது. முடிவு 2-1. 1955க்குப் பிறகு நியூகாசில் உள்நாட்டில் வென்ற முதல் கோப்பை. எழுபது வருடம். நாங்கள் போட்ட சத்தத்தில் கீழேயிருந்து லாத்தா, "ஸஹர் சாப்பாட்டுக்கு எந்திரிக்கணும், கத்தாதீங்கடா" என்று எங்களைவிடச் சத்தமாகக் கத்தினாள்.

அரை மணி நேரத்தில் மருமகனின் முகம் மாறிவிட்டது. மொபைலை என் பக்கம் நீட்டினான். இங்கிலாந்துப் பத்திரிகைக்காரர் ஒருவர் எழுதியது. கோப்பையைப் பற்றி நாலு வரி, மீதியெல்லாம் சவுதி முதலாளிகளைப் பற்றி.

"பாருங்க மாமா. எழுபது வருஷம் கழிச்சு ஒரு கப்பு. இன்னைக்கு ஒரு ராத்திரி விட மாட்டானுங்களா?"

நான் பதில் சொல்லவில்லை. அந்தக் கோபம் எனக்குத் தெரியும். அதைவிட மோசமான ஒன்றை நானே ஒரு முறை செய்திருக்கிறேன். அதற்கு அப்புறம் வருகிறேன்.

எனக்கு நியூகாசில் பிடித்தது ஆலன் ஷியரரால். 1996இல் 15 மில்லியன் பவுண்டு, அன்றைக்கு உலகத்திலேயே அதிக விலை கொடுத்து, தன் சொந்த ஊர் கிளப்புக்கு வந்தவர். கோல் அடித்தால் ஒரு கையை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடுவார். எங்கள் தெருவில் அப்போது கேபிள் வந்த வீடு இரண்டுதான். அதில் ஒன்றின் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். மற்றப் பையன்களெல்லாம் மான்செஸ்டர் யுனைடெட். ஜெயிக்கிற பக்கம் நிற்பதில் எனக்கு என்னவோ ஒரு கூச்சம். அந்தக் கூச்சத்துக்கு அடுத்த இருபது வருடம் வட்டியோடு கட்டினேன்.

2007இல் மைக் ஆஷ்லி கிளப்பை வாங்கினார். விளையாட்டுச் சாமான் கடைகளின் முதலாளி. அவர் காலத்தில் 2009இல் ஒரு முறை, 2016இல் ஒரு முறை கீழ்ப்பிரிவுக்கு இறங்கினோம். நூறு வருடத்துக்கு மேலாக செயின்ட் ஜேம்ஸ் பார்க் என்று வழங்கிவந்த மைதானத்துக்கு 2011இல் தன் கடையின் பெயரை வைத்தார். (நம் ஊரில் பள்ளிக்கூட மின்விசிறியில் "உபயம்" எழுதுகிற ஆளைப் பார்த்துச் சிரிக்கிறோம். அந்த ஆள் பள்ளிக்கூடத்தின் பெயரையே மாற்றினால்?) 2013 அக்டோபரில் ரசிகர்கள் அவருக்கு எதிராக ஊர்வலம் போனார்கள். அதை எழுதியதற்காக உள்ளூர்ப் பத்திரிகைகளான குரோனிக்கிள், ஜர்னல், சண்டே சன் மூன்றையும் மைதானத்துக்குள் வரக் கூடாது என்று கிளப் தடுத்துவிட்டது.

அப்போது நான் சவுதியில், தம்மாமில் இருந்தேன். குளிர்பதனக் கிடங்கில் வேலை. அந்தச் செய்தியை மொபைலில் படித்துவிட்டுக் கொதித்துப்போனேன். நிருபர் என்பவர் நம் ஆள், ரசிகனின் வாய். அவரைத் தடுத்தால் நம் வாயைப் பொத்துகிற மாதிரி. இப்படித்தான் நினைத்தேன். இந்த நினைப்பைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

2021 அக்டோபர் 7 அன்று ஆஷ்லி போனார். 305 மில்லியன் பவுண்டுக்குக் கிளப் கை மாறியது. 80 சதவீதம் சவுதியின் பொது முதலீட்டு நிதியத்துக்கு. மைதானத்துக்கு வெளியே ஆயிரக்கணக்கானோர் கூடி ஆடினார்கள். சிலர் சமையலறைத் துண்டைத் தலையில் போட்டு அரபிபோல் வந்தார்கள். அப்படி வர வேண்டாம் என்று கிளப் கேட்டுக்கொண்டது. சில நாளில், சரி பரவாயில்லை, யாரும் புண்படவில்லை என்றது. எங்கள் ஊரில் பாதிப் பேர் தோளில் கிடப்பது சவுதியிலிருந்து வந்த துண்டு. நாங்கள் அதைப் போட்டுக்கொண்டு டீ குடிப்போம், மீன் வாங்கப் போவோம். அதைத் தலையில் போடுவது ஒரு வேஷம் என்பதே எங்களுக்குப் புதுசு.

நானும் அன்றைக்கு ஆடினேன், மறைக்க மாட்டேன். மருமகனுக்கு அப்போது பதினைந்து வயது. அவன் வாப்பா, என் மச்சான், இன்னும் தம்மாமில்தான் இருக்கிறார். "வாப்பா இருக்கிற நாடு வாங்கிருச்சு" என்று அன்றிலிருந்து இவனும் நியூகாசில் ஆனான். நான் தோல்வியில் சேர்ந்தேன், இவன் பணத்தில் சேர்ந்தான் என்று சீண்டுவேன். உண்மையில் இவன் தன் வாப்பாவில் சேர்ந்தான்.

பத்திரிகைக்காரர்களுக்கு இந்தக் கைமாற்றம் ஏன் இவ்வளவு உறுத்தியது என்பதற்கு ஒரு பெயர் போதும். ஜமால் கஷோக்ஜி. வாஷிங்டன் போஸ்ட்டில் எழுதிக்கொண்டிருந்த சவுதிக்காரர். 2018 அக்டோபர் 2 அன்று, கல்யாணத்துக்கு வேண்டிய காகிதம் வாங்க இஸ்தான்புல்லில் உள்ள சவுதி துணைத் தூதரகத்துக்குள் போனார். உள்ளேயே கொன்றுவிட்டார்கள். கல்யாணம் பண்ணவிருந்த பெண் வெளியே காத்துக்கொண்டு நின்றார். முதலீட்டு நிதியத்தின் தலைவர் பட்டத்து இளவரசர். கஷோக்ஜியைப் பிடிக்க அல்லது கொல்ல நடந்த நடவடிக்கைக்கு ஒப்புதல் கொடுத்தவர் அவரே என்று 2021 பிப்ரவரியில் அமெரிக்க உளவுத் துறை அறிக்கை சொன்னது. சவுதி அதை மறுக்கிறது. செத்தவர் எழுதுகிறவர். ஆகவே எழுதுகிறவர்களுக்கு இது வேலை மட்டுமில்லை, சொந்தத்தில் விழுந்த சாவு மாதிரி. இழவு வீட்டுக்காரரிடம் போய், இன்று ஒரு ராத்திரி மட்டும் பேசாமல் இரு என்று எப்படிச் சொல்வது?

அந்த அக்டோபரிலும் நான் தம்மாமில்தான் இருந்தேன். எட்டுப் பேர் தங்கிய அறை. அரபுச் சேனல், மலையாளச் சேனல் என்று மாறி மாறி ஓடும். இந்தச் செய்தி வந்ததும் ஒருவர் எழுந்து போய்ச் சேனலை மாற்றினார். யாரும் எதுவும் சொல்லவில்லை. அவர் நல்ல மனிதர், ஒரத்தநாட்டுக்காரர், மூன்று பெண்பிள்ளைகள். பயம் என்றுகூட அதைச் சொல்ல முடியாது. சோறு வருகிற கையைப் பார்க்காமல் இருக்கப் பழகிய கண். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். உப்பிட்டவரிடம் கேள்வி கேட்கலாமா என்பதற்கு அதில் பதில் இல்லை.

ரசிகர்களின் வாதத்தில் பாதி நியாயம் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். சவுதிக்குப் போர் விமானம் விற்பது பிரிட்டிஷ் அரசின் ஒப்புதலோடு. ஊபரில் 2016இலேயே 350 கோடி டாலர் போட்டது இதே நிதியம். ஊபரில் ஏறுகிறவனிடம் யாரும் மனித உரிமை பற்றிக் கேட்பதில்லை. சனிக்கிழமை ஆட்டம் பார்க்கிறவனிடம் மட்டும் ஏன்? அவனா விற்றான், அவனா வாங்கினான்? பிரீமியர் லீக், சவுதி அரசு கிளப்பைக் கட்டுப்படுத்தாது என்று சட்டப்படியான உறுதிமொழி கிடைத்துவிட்டது என்று சொல்லிக் கதவைத் திறந்தது. 2023இல் கோல்ஃப் வழக்கு ஒன்றில் அமெரிக்க நீதிமன்றத்தில் அந்த நிதியமே, தன் ஆளுநர் யாசிர் அல் ருமய்யான் பதவியில் இருக்கும் அமைச்சர், ஆகவே ஒரு நாட்டின் அரசுக்கு உள்ள சட்ட விலக்கு வேண்டும் என்று வாதாடியது. அவர்தான் நியூகாசிலின் தலைவர். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. ஆனால் இதைத் தோண்டி வெளியே கொண்டுவந்தது யார்? ரசிகனா? நிருபர்தானே.

2022 மார்ச்சில் சவுதி ஒரே நாளில் 81 பேருக்கு மரண தண்டனை நிறைவேற்றியது. மறுநாள் செல்சியோடு ஆட்டம். முடிந்ததும் பயிற்சியாளர் எடி ஹாவிடம் அதைப் பற்றிக் கேட்டார்கள். கால்பந்து பற்றி மட்டும்தான் பேசுவேன் என்றார். அவர்மேல் எனக்குப் பரிதாபம் வந்தது. பரோட்டா மாஸ்டரிடம் போய் ஓட்டல் முதலாளியின் கணக்கு வழக்கைக் கேட்கிற மாதிரி. ஆனால் முதலாளி நிருபர் முன்னால் வந்து உட்காருவதே இல்லை என்றால் மாஸ்டரைத்தானே கேட்பார்கள்? கேள்வி தப்பான ஆளிடம் போனதற்குக் கேட்டவர் மட்டும் காரணமில்லை.

நியூகாசில் மட்டும் இப்படி என்றும் இல்லை. அதே மாதம் 5ஆம் தேதி, பர்ன்லி மைதானத்தில், ரஷ்யா படையெடுத்திருந்த உக்ரைனுக்காக எல்லோரும் எழுந்து கைதட்டுகிற நேரத்தில், செல்சி ரசிகர்கள் தங்கள் ரஷ்ய முதலாளி ரோமன் அப்ரமோவிச்சின் பெயரைக் கோஷம் போட்டார்கள். இது அதற்கான நேரமில்லை என்று அவர்கள் பயிற்சியாளர் டூகெலே சொன்னார். அப்ரமோவிச்சின் காலத்தில் ஐந்து லீக் பட்டம், இரண்டு சாம்பியன்ஸ் லீக். கோப்பை கொடுத்த முதலாளி. மாறாக பிளாக்பர்னைப் பாருங்கள். 2010இல் வாங்கியவர்கள் நம் நாட்டுக்காரர்கள், புனேயின் கோழிப்பண்ணை நிறுவனமான வெங்கீஸ். 2012 மே மாதம் கிளப் கீழே இறங்கிய ஆட்டத்தில், கிளப் கொடியைப் போர்த்திய உயிர்க்கோழி ஒன்று மைதானத்துக்குள் ஓடியது. முதலாளியைப் பற்றிக் கேள்வி கேட்கிற நிருபர்மேல் அங்கே ரசிகர்கள் பாய்ந்ததாக நான் படித்ததே இல்லை. தோற்கிற கிளப்பில் நிருபர் நண்பன். ஜெயிக்கிற கிளப்பில் அவனே துரோகி. 2013இல் எனக்கு வாயாக இருந்த நிருபர், 2021க்குப் பிறகு என் கண்ணுக்கே ஆகாதவர் ஆனார். கேள்வி ஒன்றுதான். கிளப்பை வைத்து முதலாளி என்ன செய்கிறார்?

இப்போது என் கதை.

2011, மே மாதம். கச்சான் காற்று எழும்பி மணலை முகத்தில் வீசுகிற காலம். கீழக்கரைக்கும் பெரியபட்டினத்துக்கும் நடுவில் எங்கள் ஊர். ஊருக்கும் கடலுக்கும் நடுவில் மைதானம். மைதானம் என்று நாங்கள் சொல்வோம், வெளியூர்க்காரன் பொட்டல் என்பான். கோல் கம்பம் பனங்கம்பு. வலை, உண்மையிலேயே வலை. கடலுக்கு லாயக்கில்லாமல் போன நைலான் வலையை இரட்டையாக மடித்துக் கட்டியிருப்போம். பந்து உள்ளே போனால் கருவாட்டு வாடையோடு திரும்பி வரும்.

அதுவரை எங்கள் டீமுக்கு ஜெர்சி கிடையாது. அந்த வருடம் ஒரு இறால் பண்ணை முதலாளி முன்வந்தார். எழுவர் கால்பந்து, மூன்று இரவு மின்னொளி ஆட்டம், ஜெனரேட்டர் செலவு, சுழற்கோப்பை, வந்த டீமுக்கெல்லாம் சாப்பாடு எல்லாம் அவர் கணக்கு. எங்களுக்குப் பதினான்கு செட் ஜெர்சியும் கொடுத்தார். நல்ல துணி. முதுகில் அவர் பண்ணையின் பெயர், நெஞ்சில் ஒரு சிவப்பு இறால், மீசையோடு. தொண்டிப் பையன்கள் எங்களை "இறாலு இறாலு" என்று கூப்பிட்டார்கள். எங்களுக்கு அதிலும் பெருமை. யாராவது நம் முதுகைப் பார்த்து ஏதாவது கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

போட்டி தொடங்கிய அன்று காலைப் பத்திரிகையில் ஒரு சின்னச் செய்தி. பக்கத்துக் குடியிருப்பில் ஊற்று கரித்துப்போச்சு, காரணம் இறால் பண்ணை என்று பெண்கள் புகார்.

இந்த ஊற்று என்னவென்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் கரையில் மழைத் தண்ணீர் மணலுக்குள் இறங்கி, அடியில் இருக்கிற உப்புத் தண்ணீர்மேல் மெல்லிசாக மிதந்து நிற்கும். மணலைத் தோண்டினால் ஆள் உயரத்துக்குள் அது கசிந்து வரும். பெண்கள் குழிக்குள் இறங்கிக் குந்தி, கொட்டாங்குச்சியால் அள்ளி அள்ளிக் குடத்தில் ஊற்றுவார்கள். வேகமாக அள்ளக் கூடாது. அள்ளினால் கலங்கும், உப்பு ஏறும். ஒரு குடம் நிறைய அரை மணி ஆகும். பக்கத்தில் குளம் வெட்டி அதில் கடல் தண்ணீரை மாதக்கணக்கில் தேக்கினால் இந்த மெல்லிய படலம் என்ன ஆகும்? இறால் பிடித்து முடித்ததும் குளத்து அழுக்குத் தண்ணீரைத் திறந்துவிடுவது வேறு. சர்வோதயத் தலைவர் ஜகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கடலோர இறால் பண்ணைகளுக்கு எதிராகக் கடுமையாகத் தீர்ப்பு சொன்னது இதற்காகத்தான். 2005இல் தனிச் சட்டம் வந்து, பதிவு செய்து நடத்த வழி பிறந்தது. இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. என்னிடம் ஜெர்சி இருந்தது.

எழுதியவர் பகுதி நேர நிருபர். பஸ் ஸ்டாப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். இரண்டாம் இரவு, அரையிறுதி முடிவைக் குறித்துப்போக அவரே டிவிஎஸ் 50இல் வந்தார். சட்டைப்பையில் பேனா, கையில் நாலாக மடித்த காகிதம். எங்கள் பையன்களுக்குள் முணுமுணுப்பு. ஸ்பான்சர் கோபித்துக்கொண்டு போய்விட்டால்? இந்த ஆளுக்கு இந்த மூன்று நாள்தான் கிடைத்ததா? எவனோ போட்டிக்காரன் காசு கொடுத்து எழுத வைத்திருப்பான். ஊற்று கரிக்கிறதா இல்லையா என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. நடந்தால் பத்து நிமிடம்.

இடைவேளையில் நான் போய் அவர் வண்டியின் இரண்டு டயரிலும் காற்றைப் பிடுங்கிவிட்டேன். யாரும் சொல்லிச் செய்யவில்லை. உஸ்ஸென்று போன சத்தம் ஜெனரேட்டர் சத்தத்தில் கேட்கவில்லை. அப்புறம் போய் இரண்டு கோல் அடித்தேன்.

ஆட்டம் முடிந்ததும் அவர் வண்டியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. மணல் பாதையில் இரண்டு கிலோமீட்டர், ராத்திரி பதினொரு மணிக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். நாங்கள் பதினான்கு பேர், நெஞ்சில் இறாலோடு, பார்த்துக்கொண்டு நின்றோம். ஒருவன் சிரித்தான். நான்தானோ என்னவோ.

மறுநாள் பத்திரிகையில் ஆட்டச் செய்தி வந்தது. இரண்டு கோலும் என் பெயரில், இனிஷியலோடு, பிழையில்லாமல். உம்மா அதை வெட்டி, ரேஷன் கார்டு வைக்கிற பிளாஸ்டிக் கவரில் பத்திரமாக வைத்தாள். இன்னும் இருக்கிறது.

அடுத்த வருடம் நான் சபுர், அதாவது வெளிநாட்டு வேலைக்கு, போய்விட்டேன். 2021 பிப்ரவரியில், ஊர் திரும்பி இரண்டு வருடம் ஆன பிறகு, கார்டியன் ஒரு கணக்கை வெளியிட்டது. உலகக் கோப்பையை நடத்தும் வாய்ப்பு கத்தாருக்குக் கிடைத்ததிலிருந்து இந்தியா, பாகிஸ்தான், நேபாளம், வங்கதேசம், இலங்கை ஆகிய ஐந்து நாடுகளைச் சேர்ந்த 6,500 தொழிலாளர்களுக்கு மேல் அங்கே இறந்திருக்கிறார்கள் என்று. மைதானம் கட்டியவர்கள் மட்டுமில்லை, எல்லா வேலைக்காரர்களும் சேர்ந்த கணக்கு. அதனால் சண்டையும் வந்தது, மேற்கத்தியப் பொறாமை என்றார்கள். எங்கள் டீக்கடையிலும் அப்படித்தான் பேசினோம். ஆனால் அந்தச் சவப்பெட்டிகளில் சில எங்கள் தாலுகாவுக்கும் வந்தவை. வீட்டுக்காரர்களிடம் "இயற்கை மரணம்" என்று ஒரு காகிதம் இருக்கும், அவ்வளவுதான். எங்கள் சாவை எண்ண எங்கள் ஆள் யாரும் போகவில்லை. எண்ணியவர்களும், மருமகனைக் கோபப்படுத்தினாரே ஒரு பத்திரிகைக்காரர், அந்த ஜாதி ஆட்கள்தான்.

இதையெல்லாம் அன்று ராத்திரி மருமகனிடம் சொன்னேன். டயர் விஷயத்தையும். அவன் சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"அந்தக் கப்பு இப்ப எங்க மாமா?"

"நம்ம சங்க அலமாரிலதான். முதலாளி அடுத்த வருஷமே போட்டிய நிறுத்திட்டாரு. சுழற்கோப்பை சுழலவே இல்ல. அதுக்குள்ளதான் பம்பு ஊசி, விசிலெல்லாம் போட்டு வச்சிருக்காங்க."

"நாம கப்பக் கொண்டாடக் கூடாதுங்கிறீங்களா?"

"நல்லாக் கொண்டாடு. நானும்தானே கத்துனேன்."

"அப்ப இதப் படிக்கணுமா?"

"படி."

படித்தானா தெரியாது. கொஞ்ச நேரம் மொபைலையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு டான் பர்ன் கோலை மறுபடி போட்டான். நாங்கள் அதை ஏழெட்டு தடவை பார்த்தோம். பிறகு, தூங்கப் போகிற மாதிரி எழுந்தவன் படிக்கட்டில் நின்று, "அந்த ஆள்ட்ட சொன்னீங்களா, நீங்கதான்னு?" என்று கேட்டான்.

ஜெராக்ஸ் கடை இன்னும் அதே இடத்தில்தான் இருக்கிறது. அவருக்கு முடி முழுக்க நரைத்துவிட்டது. பத்திரிகையை விட்டுப் பல வருடம் ஆகிறது. பெருநாள் முடிந்த வாரம் ஆதார் நகல் எடுக்கப் போனேன். முன்னும் பின்னும் இரண்டு பக்கம், நாலு ரூபாய். என்னிடம் ஐந்நூறு ரூபாய் நோட்டுதான் இருந்தது. வாங்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"சில்லறை இல்ல தம்பி. அப்புறம் குடுங்க."